மில்லில் மிஞ்சிய தூள்

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது காகிதப் படிவம் இல்லை. கைக்குள் அடங்குகிற ஒரு திரையைத் தட்டினால் தொழில்களின் பட்டியல் வருகிறது: தையல், கோழி வளர்ப்பு, சிற்றுண்டி, சைக்கிள் திருத்தம், மில். ஒன்றைத் தொட்டால் அடுத்த கேள்வி வரும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. இளைப்பாறிய என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "மிஸ், உங்கடை சேவைக்காலத்திலை நடந்த ஒரு வெற்றிக் கதை சொல்லுங்கோ, கால் மணித்தியாலம் தாறம்" என்றார்கள். நான் தொடங்கிய கதை மிளகாய் வறுக்கிற இடத்துக்கு வரமுன்னரே நேரம் முடிந்துவிட்டது. ஒரு பிள்ளை மட்டும் வாசல் வரை பின்னால் வந்து, "அது வெற்றியோ தோல்வியோ மிஸ்?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஜசிந்தா. ஊர் கொழும்புத்துறை. சின்ன வயதிலிருந்தே எனக்கு விடுப்பு, மற்றவர்களின் கதையைத் துருவுகிற புத்தி, அதிகம். அடுத்த வீட்டில் என்ன கறி, யார் வந்து போனது, ஏன் அந்தப் பெட்டை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அறியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அம்மா இதற்காக எத்தனையோ தரம் குட்டியிருக்கிறா. அந்தக் கெட்ட குணத்துக்குச் சம்பளம் தருகிற ஓர் உத்தியோகம் உலகத்தில் இருக்கும் என்று அவவும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சில வருடம், பிறகு வேலை இல்லாமல் சில வருடம், பிறகு சண்டை முடிந்த கையோடு இந்த நிறுவனம். சண்டைக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு அகதியாகப் போய், அங்கே முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் இங்கே சொந்தமாக ஒரு தொழில் தொடங்க உதவுவது எங்கள் வேலை. கடிதங்களில் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று எழுதுவோம். ஆனால் முகாமில் பிறந்து, முகாமில் படித்து, முகாமிலேயே கலியாணம் கட்டின ஒருத்திக்கு இது எப்படித் திரும்புதல் ஆகும்? அம்மாவும் அப்பாவும் வாய் ஓயாமல் கதைத்த ஊர் இது. அவள் கால் வைத்த ஊர் இல்லை. காகிதத்தின்படி சொந்த நாடு, மற்ற எல்லாவற்றின்படியும் பிறத்தி நாடு.

எங்கள் பொறுப்பாளர் நடராசா சேர். மெலிந்த மனிதர், குரலை உயர்த்த மாட்டார், எல்லோரையும் "நீர்" என்றுதான் சொல்லுவார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்போதும் ஒரு மடக்குக் கதிரை கட்டியிருக்கும். ஏன் என்று நான் முதல் நாளே கேட்டுவிட்டேன். "நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால், எங்களை இருத்த அதுகள் பக்கத்து வீட்டிலை போய்க் கதிரை இரவல் கேட்கும். எங்களாலை அதுகளுக்கு ஒரு கடமைப்பாடு வரக்கூடாது" என்றார். அவர் முன்னால் பயனாளி என்ற சொல்லைச் சொன்னால், "ஏன், அந்தாளுக்குப் பேர் இல்லையோ?" என்று கேட்பார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் தரம் ஒரு வீட்டுக்குப் போகும்போது படிவம் கொண்டுபோகக் கூடாது. இரண்டாந் தரம் கொண்டுபோகலாம், பென்சிலால்தான் எழுத வேண்டும். மூன்றாந் தரம்தான் மை. மூன்று தரமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: ஏன் இந்தத் தொழில்? "முதல் மறுமொழி எங்களுக்காகச் சொல்லுறது. ரெண்டாவது ஊருக்காகச் சொல்லுறது. மூண்டாவதைத்தான் மையாலை எழுதவேணும்" என்பார். கொழும்பில் இருந்து வருகிற பெரியவர்கள் ஒரு கேள்விக்கு மூன்று பயணமா என்று பெற்றோல் கணக்கைக் காட்டிக் கேட்டால் சேர் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவார். மறுமொழி சொல்லமாட்டார், முறையையும் மாற்றமாட்டார்.

நெல்லியடிச் சந்தைப் பக்கம் ஒருவர் தேநீர்க்கடை போட்டார். முகாமுக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை நடத்தினவர், கைப்பழக்கம் பிரமாதம், ஆற்றினால் நுரை ஒரு விரல் நிற்கும். ஆனால் ஒருத்தரும் இரண்டாந் தரம் வரவில்லை. நானும் சேரும் ஒரு காலை முழுக்க எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்தோம். வருகிற ஆள் கண்ணாடிக் குவளையை வாங்கி, இடம் வலம் பார்த்து, அந்தரப்பட்டுக் குடித்துவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டில் நின்றபடி குடிப்பார்கள். இங்கே உட்கார்ந்திருந்து, பேப்பர் பார்த்து, ஊரைப் பற்றி நாலு கதை கதைத்துத்தான் குடிப்பார்கள். மனுசன் இருக்க ஒரு வாங்குகூடப் போடவில்லை. அடுத்த நாள் பழைய பலகையில் ஒரு வாங்கு அடித்துப் போட்டார், கடை நிமிர்ந்தது. "ஐஞ்சு பக்கத் திட்டம் எழுதினனாங்கள், அதிலை வாங்கு இல்லை" என்று சேர் பல நாள் சொல்லிச் சிரித்தார்.

இப்படிச் சின்னச் சின்ன வெற்றிகளில் என் தலை கொஞ்சம் கனத்திருந்த காலத்தில்தான் மேகலா வந்தாள்.

சுன்னாகத்துக்கு அப்பால் ஒரு தோட்டக் கிராமம். பெயர் வேண்டாம், அங்கே எல்லோரும் இன்னும் இருக்கிறார்கள். மேகலாவின் தாய் நாகேஸ்வரி அந்த ஊரில் பிறந்தவள். வயிற்றில் பிள்ளையோடு படகேறி, அந்தப் பிள்ளையை மதுரைப் பக்கத்து முகாமில் பெற்று வளர்த்து, ஊர் திரும்பாமலே அங்கே செத்துப்போனாள். காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி மகளுக்குக் கொடுத்திருந்தாள். அந்த உறுதியோடும், புருசன் ரவியோடும், ஏழு வயது மகளோடும் மேகலா வந்து, தாயின் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருந்தாள். அங்கேயே மிளகாய் அரைக்கிற ஒரு மில் போட எங்களிடம் உதவி கேட்டிருந்தாள். சொந்தம் என்று சொல்ல ஊரில் ஒருத்தரும் மிச்சமில்லை. ரவி சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன். அவனுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. இங்கே ஒருவரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை, அவனுடைய சிநேகிதர் எல்லாம் முகாமில். மில் ஓடாவிட்டால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கள்ளத் தோணியில் திரும்பிப் போவது என்று அவன் முடிவோடு இருந்தான். அந்தக் கடலைப் பற்றி எனக்குத் தெரியும், நான் கரையில் பிறந்தவள். அதனால் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பயம்தான்.

முதல் தரம் கேட்டேன், ஏன் மில்? "மேடம், நான் பதினோரு வருஷம் மாவு மில்லுல வேலை பார்த்திருக்கேன். மிஷினைப் பிரிச்சு மாட்டுவேன்." இரண்டாந் தரம்: "இந்த ஊர்ல மிளகாய் அரைக்கணும்னா சைக்கிள்ல ரொம்ப தூரம் போறாங்க மேடம்." மூன்றாந் தரம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எல்லா வீட்டுத் தூளும் என் கையைத் தாண்டித்தானே மேடம் போகும்" என்றாள். நான் அதைச் சேவை மனப்பான்மை என்று மையால் எழுதினேன். விடுப்புக்காரி என்று பெயர் எடுத்தவள், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

எங்கள் பக்கத்துச் சமையலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே கறித்தூளைக் கடையில் வாங்குகிறவளை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். செத்தல் மிளகாய், கொத்தமல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வீட்டில் வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று அரைப்பித்துக்கொண்டு வரவேண்டும். மிளகாய்க்கு எத்தனை சுண்டு மல்லி என்பது வீட்டுக்கு வீடு வேறு. கனடாவில் இருக்கிற பிள்ளைக்குக்கூடத் தாயின் தூள்தான் பொதியில் போகும்.

மேகலாவின் மில் முதல் மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஊர் மாதர் சங்கத் தலைவி பரமேஸ் அக்காதான் அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் தந்தவ. ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெடுத்த மனுசி, சொன்னால் ஊர் கேட்கும். "நாகேசின்ரை பிள்ளை, எங்கடை பிள்ளை" என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னா. நான்காவது மாதம் அதே பரமேஸ் அக்கா கையொப்பமிட்ட முறைப்பாடு எங்களுக்கு வந்தது. வாடிக்கையாளரின் தூளை எடுத்து ஒளித்துவைக்கிறார், ஆகையால் மில்லை வேறொருவருக்கு மாற்றித் தரவும் என்று எழுதியிருந்தது.

போனேன். மில் வெறுமையாக இருந்தது. மேகலா ஒளிக்கவில்லை. மெசினுக்குப் பின்னால் இருந்த தட்டில் பேப்பர்ச் சரைகள், சின்னச் சின்னப் பொட்டலங்கள், வரிசையாக இருந்தன, பதினேழு. ஒவ்வொருத்தரின் மிளகாயையும் அரைத்து முடித்த பிறகு தகட்டிலும் துணிக்குழாயிலும் கொஞ்சத் தூள் ஒட்டி மிஞ்சும். அதைப் பிரஷ்ஷால் பெருக்கி எடுத்துச் சரையாகச் சுற்றி வைத்திருக்கிறாள். "பெருக்கலைன்னா ஒரு வீட்டுத் தூள் அடுத்த வீட்டுத் தூளோட கலந்துடும் மேடம். அங்க முதலாளி அதுக்கே திட்டுவார்" என்றாள். பெருக்கியதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "தூக்கிப் போட மனசு வரலை" என்றாள். முகாமில் வளர்ந்த பிள்ளை, ஒரு பிடியையும் எறியமாட்டாள் என்று நானாகவே விளங்கிக்கொண்டேன்.

எனக்குள் துப்பறியும் ஆசை எழும்பிவிட்டது. வீட்டில் மிளகாயும் மல்லியும் வறுத்து மூன்று சம பங்காக நிறுத்தேன். ஒரு பங்கை மேகலாவிடமும், மற்ற இரண்டையும் வேறு இரண்டு மில்களிலும் அரைப்பித்தேன். தும்மித் தும்மி ஸ்கூட்டரில் திரிந்த என்னைக் கண்டவர்கள் விசர் என்று நினைத்திருப்பார்கள். திரும்ப நிறுத்தபோது மற்ற இரண்டு மில்களிலும் தூள் நிறை குறையவே இல்லை. ஒன்றில் கொஞ்சம் கூடியே இருந்தது. கிளறிப் பார்த்தால் வெள்ளையாக அரிசிமா. எனக்கு முன்னால் அரைத்த ஆளின் மிச்சம் எனக்கு, என் மிச்சம் பின்னால் வந்த ஆளுக்கு. அங்கே எல்லோருடைய தூளும் எல்லோருடையதிலும் கலக்கிறது, ஆகையால் ஒருவருக்கும் குறையவில்லை. மேகலா ஒருத்திதான் கலக்காமல் அரைக்கிறாள், அவளிடம் மட்டும்தான் குறைகிறது. சுத்தமாக வேலை செய்கிறவளுக்குக் கள்ளி என்ற பட்டம்.

மாதர் சங்கக் கூட்டத்தில் தராசோடு போய் இதை விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஓம் மிஸ், இப்ப விளங்குது" என்றார்கள். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் தந்தார்கள். பரமேஸ் அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. இனி மிளகாய் வாளிகள் வரிசையில் நிற்கும் என்று நான் வீட்டுக்குப் போனேன். அடுத்த கிழமையும் ஒருத்தரும் மில் பக்கம் போகவில்லை. ரவி பேசாலைப் பக்கம் யாரோ படகுக்காரனோடு கதைத்துவிட்டு வந்ததாக மேகலா சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சேரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். எவ்வளவு தெளிவாக நிரூபித்தேன், என்ன சனம் இது என்றேன். அவர் முறைப்பாட்டுக் கடிதத்தை எடுத்து இரண்டு தரம் வாசித்தார்.

"ஒரு பிடி தூளுக்கு ஒரு ஊர் ஒண்டாய் நிக்குமோ?" என்றார். "மற்ற மில்லுக்காரர் எத்தினை பிடி எடுத்திருப்பினம். ஆர் கடிதம் எழுதினது?"

"அப்ப ஏன் சேர் எழுதினவை?"

"எழுதக்கூடியதை எழுதியிருக்கினம். எழுத ஏலாதது ஒண்டு கிடக்குது. நீர் கோப்பைக் கொண்டு போனபடியாலை அதுக்குள்ளை வரக்கூடியதைத்தான் உமக்குச் சொல்லிச்சினம். நாளைக்குச் சும்மா போம்."

சும்மா போனேன். கோப்பும் இல்லை, பேனையும் இல்லை. எங்கள் வளவு மாங்காய் நாலு மட்டும் பையில். பரமேஸ் அக்கா வீட்டுப் படலையைத் திறந்து குசினிப் பக்கமாகப் போய்ப் பலகைக்கட்டையில் இருந்தேன். அவ கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. முதலில் மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு வெங்காயத்தைப் பற்றி. பிறகு அவவின் மூத்த மகளைப் பற்றி. கனடாவில் இருக்கிற பொடியனோடு கலியாண எழுத்து நடந்து, விசாவுக்காகக் காத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிற பிள்ளை. அந்தப் பேச்சு வந்ததும் அக்காவின் கத்தி நின்றுவிட்டது.

"மிஸ், நீங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், உங்களுக்கு உது விளங்குமோ தெரியாது."

"சொல்லுங்கோ அக்கா."

"அந்தச் சரையளை நீங்கள் பார்த்தனீங்கள். அதிலை எழுதியிருந்ததைப் பார்த்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. தூளைப் பார்த்தேன், நிறுத்தேன், பேப்பரைப் பார்க்கவில்லை.

"ஒவ்வொரு சரையிலும் ஒவ்வொரு வீட்டுப் பேர். எங்கடை சரையிலை பரமேஸ் அக்கா வீடு எண்டு எழுதிக் கிடந்ததை என்ரை கண்ணாலை கண்டனான். வீட்டுப் பொருள் எடுத்து, வீட்டுப் பேர் எழுதி, சுத்தி வைக்கிறது என்னத்துக்கு மிஸ்? இந்தியாவிலை இருந்து வந்தவள். அங்கை உதெல்லாம் படிக்கலாமாம்."

எனக்கு அப்போதுதான் வெளித்தது. செய்வினை. அதை எந்தச் சங்கக் கடிதத்தில் எழுதுவது?

"நான் படிச்ச மனுசி. நம்பேல்லை. பேசாமல் இருந்தன்" என்றா பரமேஸ் அக்கா. "நாலாம் நாள் பிள்ளையின்ரை விசா மறுத்துக் கடிதம் வந்தது. அதுக்குப் பிறகு நம்பாமல் இருக்க எனக்குத் துணிவில்லை. கடிதம் வந்து மூண்டு நாள் என்ரை பிள்ளை சாப்பிடேல்லை மிஸ்."

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லிவிட்டு வரலாம். ஆனால் விழுந்தது அவவின் பிள்ளையின் தலையில் அல்லவா. நேரே மேகலாவிடம் போனேன்.

பெயர்களை ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். ஊர் என்ன நினைக்கிறது என்று சொன்னேன். முகம் வெளிறிப்போனது. கொஞ்ச நேரம் மெசினைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"அம்மா முகாம்ல வருஷத்துக்கு ஒரு வாட்டி தூள் இடிப்பாங்க மேடம். அந்த ஒரு மாசம் எங்க வீட்டுக் குழம்பு வேற மாதிரி இருக்கும். அளவு கேட்டா கண் அளவுன்னு சொல்லிடுவாங்க. நானும் மில் வேலை, வீட்டு வேலைன்னு அப்புறம் கத்துக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் அவங்க இல்லை. அம்மா இந்த ஊர்ப் பொண்ணுதானே. இந்த ஊர்ல யாராவது ஒரு வீட்டுத் தூள் அம்மாவோடது மாதிரி இருக்கும்ல? அதான் ஒவ்வொரு வீட்டுதையும் கொஞ்சம் போட்டுக் குழம்பு வச்சுப் பார்த்தேன். எது யாரோடதுன்னு மறந்துடக் கூடாதுன்னு பேர் எழுதினேன்."

"கிடைச்சுதோ?"

"இன்னும் இல்லை மேடம். பதினேழு வீடு ஆச்சு."

எல்லா வீட்டுத் தூளும் என் கையைத் தாண்டித்தானே போகும் என்று அவள் மூன்றாந் தரம் சொன்னது இதைத்தான். நான் அதற்குச் சேவை மனப்பான்மை என்று பெயர் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே பரமேஸ் அக்காவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. சேரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அது அவளின்ரை கதை, அவள் சொல்லட்டும். நீர் சொன்னால் அது திரும்பவும் ஒரு விளக்கம். விளக்கம் ஒருக்கால் குடுத்துப் பார்த்தாச்சுத்தானே" என்றார்.

அடுத்த நாள் காலை மேகலா பதினேழு சரைகளையும் ஒரு சுளகில் வைத்துக்கொண்டு பரமேஸ் அக்கா வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போய்ப் படலையடியில் நின்றேன். உள்ளே போகவில்லை, ஆனால் காதைக் கழற்றி வைத்துவிட்டு நிற்க என்னால் முடியாது. முற்றத்தில் சுளகை வைத்துவிட்டு, எனக்குச் சொன்னதையே அவவுக்கும் சொன்னாள். முகாம், உரல், கண் அளவு, குழம்பு எல்லாம். கடைசியில், "உங்க பொண்ணுக்கு நான் கெட்டது நினைப்பேனா அக்கா. நீங்கதானே என்னை இந்த ஊர்ப் பிள்ளைன்னு எழுதிக் குடுத்தீங்க" என்றாள்.

பரமேஸ் அக்கா குனிந்து தன் வீட்டுச் சரையை எடுத்துப் பார்த்தா. பிறகு கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"கொம்மாவின்ரை தூள் எப்பிடி மணக்கும்?"

மேகலா சொல்லப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. வந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள்.

"நாகேஸ் வறுக்கேக்கை நாங்கள் வேலிக்கு இஞ்சாலை நிண்டு தும்முவம். மிளகு கூடப் போடுறவள்" என்றா பரமேஸ் அக்கா. "எழும்பு. நாளைக்கு வறுத்துப் பாப்பம்."

அடுத்த நாள் மில் கொட்டிலுக்கு முன்னால் மூன்று கல் அடுப்பு. பரமேஸ் அக்கா கூப்பிட்டபடியால் நாகேஸ்வரியை நினைவிருந்த இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது பட்டிமன்றம். "நாகேஸ் வீட்டிலை பெருஞ்சீரகம் கூட" என்றா ஒருத்தி. "உமக்கென்ன தெரியும், அவளுக்குப் பெருஞ்சீரகம் கண்ணிலையும் காட்டக்கூடாது" என்றா மற்றவ. வெந்தயம் சிவக்க வறுப்பதா, கறுக்க வறுப்பதா என்று அரை மணித்தியாலம். செத்துப்போன நாகேஸ்வரி எழும்பி வந்திருந்தாலும் அவவைக் கதைக்க விட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் நினைவின்படி வறுத்தா, மேகலா அரைத்தாள், ஒரே சட்டி உருளைக்கிழங்கைப் பிரித்து ஒவ்வொரு தூளிலும் கறி வைத்தார்கள். மேகலா ஒவ்வொன்றையும் சோற்றில் பிசைந்து வாயில் வைத்தாள். இல்லை. இல்லை. இதுவும் இல்லை அக்கா. மகள் பக்கத்தில் இருந்து தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரவியும் கொட்டில் தூணில் சாய்ந்து நின்று பார்த்தான்.

கடைசியாகப் பரமேஸ் அக்காவின் கறி. மிளகு தூக்கலாக, வெந்தயம் லேசாகக் கறுத்து. மேகலா வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறந்து, "இதுதான் அக்கா. அம்மாவோடது இதேதான்" என்றாள். பரமேஸ் அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறினா. நானும் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு மில் நிற்கவில்லை. பெருக்கி எடுக்கிற மிச்சத்தை அந்தந்த வீட்டாருக்கே சரையில் சுற்றிக் கொடுப்பது அவளுடைய வழக்கமாகி, கலப்பில்லாத மில் என்று பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள். ஒன்றிரண்டு குடும்பம் கடைசி வரை வரவில்லை, அதையும் சொல்லவேண்டும். பரமேஸ் அக்கா தன் வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடிக்க ரவியைக் கூப்பிட்டா. அதைப் பார்த்து மற்ற வீடுகளும் கூப்பிட்டன. படகுக்காரனின் பேச்சு நின்றுபோனது. அடுத்த வருடம் பரமேஸ் அக்காவின் மகளுக்கு விசா கிடைத்தது. அது மேகலாவின் கைராசி என்று அதே ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் இளைப்பாறுவதற்கு முதல் மாதம், என் பழைய கோப்புகளில் உள்ளவர்களைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவர வெளிக்கிட்டேன். மேகலா இப்போது இரண்டு மெசின் வைத்திருக்கிறாள். தகரக் கொட்டில் போய்க் கல்வீடு வந்திருக்கிறது. பேச்சும் பாதி எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது, மேடம் போய் மிஸ் ஆகிவிட்டேன். மகள் உயர்ந்து நெடுத்துவிட்டாள். அவள்தான் எனக்குத் தூள் பொதி கட்டித் தந்தாள். "மிஸ், இது அம்மம்மான்ரை தூள். அளவு ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மேகலா அவள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க அம்மாவோட தூள் இல்லை மிஸ்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "அண்டைக்கு இதுதான் எண்டு சொன்னனீ."

"சொன்னேன். கிட்டக்கூட வரலை மிஸ். ஆனா பரமேஸ் அக்கா என் வாயைப் பார்த்துக்கிட்டு நின்ன நிலையைப் பார்த்தீங்கதானே. அவ மனசுக்குள்ள பயம் அப்ப இன்னும் போகேல்லை. அவவோட தூள் எங்க அம்மாவோடதுன்னு ஆகிட்டா, எங்களுக்குள்ள பிறகு எப்படிப் பயம் வரும்? அவரும் தூண்ல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு இருந்தார். நான் இல்லைன்னு சொல்லியிருந்தா அந்தக் கிழமையே பிள்ளையைத் தோணியில ஏத்தியிருப்பார்."

மையால் எழுதிய கோப்பு என் மடியில் கிடந்தது. எத்தனை வருடம் இதைத் தனக்குள் வைத்துக்கொண்டு அந்தத் தூளை அரைத்திருக்கிறாள்.

"அதுக்குப் பிறகு உண்மையானதைக் கண்டுபிடிச்சியோ?"

"கொஞ்ச நாள் தேடினேன். ஒளிச்சு ஒளிச்சு அளவை மாத்திப் பார்த்தேன்." மில்லுக்கு யாரோ வாளியோடு வரும் சத்தம் கேட்டது. அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழும்பினாள். "இப்ப அந்த வாசனையை நினைக்கப் பார்த்தா பரமேஸ் அக்காவோடதுதான் மூக்குல வருது மிஸ். அம்மாவோடது போயிட்டுது. இனி அவங்களே எழும்பி வந்து இந்த அடுப்பில கறி வச்சுக் குடுத்தாலும், இது எங்கட வீட்டுத் தூள் இல்லையேன்னுதான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு, வந்தவளின் வாளியை வாங்கி மெசினைப் போட்டாள்.